வளையலை அடகு வைக்கும் முன் அந்த நோட்டைப் படியுங்கள்

சென்ற வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பையன், இரண்டு ஆண்டுகளாக வடசென்னையின் ஆலைப் பகுதியான மணலியில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராக இருக்கிறான். பெங்களூரில் இருக்கும் தாய்மாமன் வாரம் தவறாமல் போன் செய்கிறாராம்: "டிப்ளமோவோடு நின்றால் ஆயுளுக்கும் வெயில்தான். பிராஜெக்ட் மேனேஜ்மென்ட்டில் எம்பிஏ சேர்த்துவிடு. முடியாவிட்டால் பிஎம்பி சான்றிதழாவது வாங்கச் சொல்." எம்பிஏவுக்கு ஏழு லட்சம். ஒரு பயிற்சி நிறுவனம் பிஎம்பிக்கு ஒன்றேகால் லட்சம் கேட்டிருக்கிறது. அந்த அம்மா கையிலிருந்த நான்கு வளையலையும் தொட்டுக் காட்டி, "எதற்கு இதை வைக்கலாம், சார்?" என்று கேட்டார்.

இரண்டுக்கும் வேண்டாம், அம்மா.

பிஎம்பி (Project Management Professional) என்பது படித்துவிட்டு வாங்கும் பட்டம் அல்ல. திட்டங்களை முன்நின்று நடத்தியவர்களின் அனுபவத்துக்கு வைக்கப்படும் தேர்வு. அதை நடத்தும் பிஎம்ஐ என்ற அமெரிக்க அமைப்பின் விதிப்படி, நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவருக்கு 36 மாத அனுபவம் வேண்டும். உங்கள் மகனைப் போல டிப்ளமோவோடு இருப்பவருக்கு 60 மாதம் வேண்டும். அதற்கு மேல் 35 மணி நேரப் பயிற்சி. இன்றைக்கு ஒன்றேகால் லட்சம் கட்டினாலும் தம்பியால் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது.

"அனுபவத்தை நாங்களே எழுதித் தருகிறோம்" என்று அந்த நிறுவனம் சொன்னதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. விண்ணப்பங்களில் சிலவற்றை பிஎம்ஐ தணிக்கைக்கு எடுக்கும். எந்த வேலையைச் செய்தேன் என்று எழுதியதற்கு அந்த வேலையை அறிந்த மேலதிகாரி கையொப்பமிட வேண்டும். பொய் எழுதி மாட்டிக்கொள்பவன் பையன்தான், பயிற்சி நிறுவனம் அல்ல. இருபத்தொரு வயதில் அந்தக் கறை வேண்டாம். அந்த வாசலை இனி மிதிக்காதீர்கள்.

எம்பிஏ பற்றி நீட்டிப் பேச மாட்டேன். டிப்ளமோ படித்தவர் முதலில் ஒரு பட்டம் முடிக்காமல் அதில் சேரவே முடியாது. மாமா அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்தது கணினி நிறுவன உலகம். மணலியில் வேலை எப்படி நடக்கிறது என்று அவர் பார்த்ததில்லை.

உங்கள் மகன் பார்த்திருக்கிறான். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் பையில் பழுப்பு அட்டை நோட்டு ஒன்று தெரிந்தது. கேட்டதும் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்: "காலை 8-க்கு வரவேண்டிய பெர்மிட் 10.40-க்கு வந்தது. ஆறு பேர் சும்மா உட்கார்ந்தார்கள். கிரேனை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கேஸ்கட் அளவு தவறு, நேற்றே பார்த்திருக்க வேண்டும்." பெர்மிட் என்பது வேலையைத் தொடங்க ஆலை தரும் அனுமதிச் சீட்டு. கேஸ்கட் என்பது இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் தகடு. இதையெல்லாம் யாரும் எழுதச் சொல்லவில்லையாம். இரண்டு ஆண்டில் மூன்று நோட்டு நிரப்பியிருக்கிறான். அம்மா, மனப்பாடம் செய்து வருகிற புத்தி இல்லை இது. அவன் மனம் எங்கே போகிறது என்று அவனே எழுதி வைத்திருக்கிறான்.

அந்த மனதுக்கு ஏற்ற வேலை உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஷட்டவுன் பிளானிங், அதாவது ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பைத் திட்டமிடுவது. மணலி சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது 1969-இல். ஆலையை நினைத்தபோதெல்லாம் நிறுத்திப் பழுது பார்க்க முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு யூனிட்டை முழுதாக நிறுத்தி, திறந்து, சுத்தம் செய்து, சோதித்து மூடுவார்கள். நின்றிருக்கும் ஒவ்வொரு நாளும் உற்பத்தி இழப்பு. ஆகவே பல மாதங்களுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியாக வேண்டும்.

ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் கருவியான ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற வைத்து, உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றி, குழாய்களில் பிளைண்ட் என்ற அடைப்புத் தகடு போட்டு, பெர்மிட் வாங்கி, சாரம் கட்டி, மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் குழாய்த் தொகுப்பைக் கிரேன் வைத்து இழுத்து, உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவி, ஆய்வாளர் பார்த்து, திரும்பச் செருகி, தண்ணீரை அழுத்திக் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் எடுத்து, பிளைண்டை எடுக்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான கருவிகளின் வேலை ஒரே சமயத்தில் நடக்கும், கிரேன்களோ சில. எந்த வேலை அரை நாள் தாமதித்தாலும் பாதகமில்லை, எது ஒரு மணி நேரம் தாமதித்தால் ஆலை முழுவதும் காத்திருக்கும் என்று சொல்லத் தெரிந்தவரே பிளானர். இந்தக் கணக்குக்குக் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். 1950-களின் இறுதியில் டூபான்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தில் ஆலைக் கட்டுமானத்துக்காக உருவான முறை. ஷட்டவுன் வேலைக்கும் அப்போதே கைகொடுத்தது. பிஎம்பி தேர்வுக்குப் படிப்பவர்கள் இன்றைக்கும் இதைப் படிக்கிறார்கள். தம்பி பெயர் தெரியாமலேயே அதைத் தொட்டிருக்கிறான்.

மணலியோடு இது முடிவதில்லை. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களில் கொதிகலனை நிறுத்திப் பராமரிக்கும்போதும் இதே வேலைதான். துறைமுகக் கட்டுமானங்களிலும் பிளானர் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகள் இந்த ஆலைகளின் சுவரைப் பார்த்தே வளர்கிறார்கள். உள்ளே ஃபிட்டர், வெல்டர் வேலை இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. பிளானிங் அறை என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். இப்போதிருக்கும் ஒப்பந்தக்காரரிடமே, அன்றாட வேலை அறிக்கையை நான் தயாரிக்கிறேன் என்று தம்பி கேட்கட்டும். ஆங்கிலத்திலேயே எழுதட்டும், பிழை இருந்தாலும் பரவாயில்லை, ஓராண்டில் கை பழகிவிடும். எக்செல் நன்றாக வந்தபின், வேலைகளை நாள்வாரியாக வரிசைப்படுத்தும் பிரைமவேரா மென்பொருளுக்கு ஒரு குறுகிய பயிற்சி போதும். அதன்பின் பிஎம்ஐ நடத்தும் தொடக்கநிலைத் தேர்வான சிஏபிஎம். அதற்கு அனுபவமே தேவையில்லை. பள்ளிப் படிப்பும் 23 மணி நேரப் பயிற்சியும் இருந்தால் எழுதலாம்: 150 கேள்விகள், மூன்று மணி நேரம். செலவை அவன் சம்பளத்திலேயே சேர்த்துக் கட்டிவிடலாம். கட்டும் நாளில் விதிகளையும் கட்டணத்தையும் பிஎம்ஐ தளத்தில் அவனே ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். சான்றிதழைக் காட்டியதும் யாரும் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட மாட்டார்கள். பிஎம்பிக்கான அந்த 60 மாதத்தில், சொன்ன வேலையைச் செய்த மாதங்கள் சேராது. ஒரு பகுதி வேலையையாவது பொறுப்பேற்று நடத்திய மாதங்களே சேரும். அதனால்தான் சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் பிளானிங் பக்கம் நகரச் சொல்கிறேன்.

இரவுப் பணி, வெயில், பாதுகாப்பு பற்றிய உங்கள் பயத்தையும் கேட்டேன். ஷட்டவுன் நாட்களில் பிளானருக்கும் தூக்கம் இருக்காது. அந்த நாட்களில் அவனுக்குப் போன் செய்யாதீர்கள். சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.

வளையல் கையிலேயே இருக்கட்டும். மாமாவிடம் நான் பேசுகிறேன். இரண்டாவது நோட்டில் மழையில் நனைந்து மை பரவிய சில பக்கங்கள் இருக்கின்றன. பெர்மிட் தாமதங்களின் தேதியும் நேரமும் அவற்றில்தான் இருக்கின்றன. பின்னாளில் விண்ணப்பம் எழுதும்போது அவை தேவைப்படும். எழுத்து இன்னும் மங்குவதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவற்றை நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.