விருந்துக்கு அழைக்காத பிள்ளை

கேள்வி: கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகனுக்குச் சென்னையில் வேலை. அடுத்தவள் மகள், கட்டிக்கொடுத்துவிட்டோம். இளையவன் ஊரில் கடை வைத்துக்கொண்டு என்னோடு இருக்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு மூத்தவன் வந்தான் என்று உவரியிலிருந்து சீலா மீன் வாங்கிவரச் சொன்னேன். "அண்ணன் வந்தால்தான் இந்த வீட்டில் சீலா" என்று சொல்லிவிட்டு இளையவன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். மூத்தவன்மேல் எனக்குப் பாசம் அதிகம்தான். இது பாவமா? வீட்டையும் அவனுக்கே எழுதிவைக்க நினைக்கிறேன்.
— ஒரு தாய், இடையன்குடி அருகில்

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் நான்கு பக்கம், சுருக்கித்தான் அச்சிட்டிருக்கிறோம். அதில் மூன்று பக்கம் மூத்தவன். சின்ன வயதில் அவனுக்கு வந்த காய்ச்சல்கூட இருக்கிறது. இளையவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை.

மனம் ஒரு பிள்ளை பக்கம் சாய்வதை வேதாகமம் மறைக்கவில்லை. ஈசாக்கு மூத்த மகன் ஏசாவின்மேல் பட்சம் வைத்தது வேட்டைக்கறியின் ருசிக்காக! அவர் மனைவி ரெபெக்காள் இளையவன் யாக்கோபின் பக்கம். அந்த ஓரவஞ்சனையால் வீட்டைவிட்டே ஓட நேர்ந்த யாக்கோபு, தான் தகப்பனானதும் தன் பிள்ளைகளில் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்வித்தார். பட்டும் புத்தி வரவில்லை.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிய இளையவனைக் கண்டு தகப்பன் எதிர்கொண்டு ஓடியதைத்தான் நம் ஆலயங்களில் அதிகம் பிரசங்கிக்கிறார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. கொழுத்த கன்றை அடித்து, ஆடல்பாடலும் தொடங்கியாயிற்று. வயலில் இருந்த மூத்தவனுக்கு யாரும் சொல்லி அனுப்பியதாக இல்லை. அவன் வேலைக்காரனிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறான். கூடவே இருக்கிற பிள்ளை இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறான். உங்கள் வீட்டில் மூத்தவனும் இளையவனும் இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கதையின் மூத்தவன், தனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தந்ததில்லையே என்று கோபப்பட்டான். உங்கள் மகன் மீனைச் சொன்னான். ஆனால் அந்தத் தகப்பன் விருந்தை விட்டு வெளியே வந்து, அவனையும் வருந்தி அழைத்தார். உங்கள் மகன் எழுந்து போனபோது நீங்கள் பின்னால் போனீர்களா? பாசம் கூடிக் குறைவதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். போகாமல் இருந்திருந்தால், அதற்காக வருந்துங்கள்.

வீடு யார் பெயரில் இருக்கிறது? கணவர் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்குதான் உங்களுடையது. மற்ற இரண்டு பங்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமம். நகை போட்டு அனுப்பினோம் என்பதற்காக மகளின் பங்கு போய்விடாது. உங்கள் சொந்தச் சம்பாத்தியம் என்றால் யாருக்கும் எழுதலாம், சட்டம் தடுக்காது. நான் தடுப்பேன். பத்திரத்தில் எழுதுகிற ஓரவஞ்சனையை உங்களுக்குப் பிறகு யாராலும் அழிக்க முடியாது.

மூத்தவன் ஊரில் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் சீலா வாங்குங்கள். அதற்கு முன், இளையவனுக்குச் சீலாதான் பிடிக்குமா என்று கேட்டுவிடுங்கள்.