குதிரைப் பைத்தியமான அத்தை விட்டுப்போன சேணம் பூஞ்சை பிடித்திருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

உங்கள் கேள்வியில் இருப்பது இது: வீட்டையே கலகலவென்று வைத்திருந்த அத்தை, எழுபது வயதுவரை குதிரையேறியவர், தவறிவிட்டார். ஊட்டி வீட்டுப் பரணில் இரண்டு மழைக்காலம் கிடந்த அவருடைய ஆங்கில பாணிச் சேணத்தில் வெள்ளை பூத்திருக்கிறது. நினைவாக வைக்க வேண்டும். முடிந்தால் அவர் பேத்தி அதில் ஏற வேண்டும்.

துணியை நனைப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அத்தை அந்தத் தோலில் பதிந்திருக்கிறார். குதிரையில் இடப்பக்கம் நின்றுதான் ஏறுவார்கள் என்பதால் இடது அங்கவடி (கால் வைக்கும் வளையம்) தொங்கும் வார் வலதைவிடச் சற்று நீண்டுவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். எந்தத் துளையில் பக்கிளின் தழும்பு ஆழமாக இருக்கிறதோ, அதுதான் அவர் கால் அளவு. முழங்கால் படும் இடம் கறுத்து வழுவழுப்பாக இருக்கும். அது அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். அடிப்பக்கத் திண்டில் குதிரை முடி ஒட்டியிருந்தால், காய்ந்த நிலையிலேயே மென்மையாகத் துலக்கி ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். ஈரம் பட்டால் அது வெறும் சேறு.

பூஞ்சையை வீட்டுக்குள் தட்டக்கூடாது. வித்துகள் பறந்து அடுத்த அலமாரியில் முளைக்கும். வெளியே நிழலில், முகக்கவசத்தோடு, வார்களையும் வயிற்றுப் பட்டையையும் கழற்றிவிட்டு மென்தூரிகையால் துலக்குங்கள். அடுத்து விரலால் தோலைத் தடவிப் பாருங்கள். செங்கல் பொடி போலச் சிவப்பாக ஒட்டினால் தோலின் நாரே சிதைந்துவிட்டது என்று பொருள். அதற்குத் தண்ணீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. பட்ட இடம் கறுத்து விறைத்துவிடும். அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதுதான் வழி.

பொடி இல்லையென்றால், 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து, பிழிந்த பருத்தித் துணியால் துடையுங்கள். முதலில் மடலுக்கு (ஏறுபவரின் கால் படும்படி பக்கவாட்டில் தொங்கும் தோல்) அடியில், கண்ணில் படாத ஓரிடத்தில் சோதியுங்கள்; துணியில் சாயம் இறங்கினால் நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் நிழல்காற்றில் உலரட்டும். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். பிறகு கிளிசரின் சேணச் சோப்பு: பஞ்சு லேசாக ஈரமாக இருந்தால் போதும், நுரை பொங்கினால் தண்ணீர் அதிகம். பாத்திரம் துலக்கும் சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ அமிலத்தன்மை உள்ளது, இரண்டுக்கும் ஒத்துப்போகாது. இவ்வளவுக்குப் பிறகும் பூஞ்சை நாற்றம் போகவில்லையா? திண்டுக்குள் இருக்கும் கம்பளி நனைந்து கெட்டிருக்கும். பிரித்து மாற்ற வேண்டியது சேணம் தைப்பவர் வேலை.

பல சேணங்கள் பாழாவது எண்ணெய் அதிகமாவதால்தான். 'நீட்ஸ்ஃபுட்' எண்ணெயை (மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது), தோலின் சொரசொரப்பான உட்பக்கம், மெல்லிய பூச்சாக ஒரு தடவை தடவி 24 மணி நேரம் விடுங்கள். இன்னும் விறைப்பாக இருந்தால் மட்டும் இன்னொரு பூச்சு. ஊறவைத்தால் தோல் தொளதொளத்து வார் இழுபடும். தேங்காயெண்ணெய் வேண்டாம்: ஊட்டிக் குளிரில் உறைந்து வெள்ளைப் படலமாகும், நீங்கள் பூஞ்சை திரும்பிவிட்டது என்று பதறுவீர்கள்.

பேத்தி ஏறலாமா என்பதைப் பளபளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே 'ட்ரீ' என்ற சட்டம் இருக்கிறது. சேணத்தின் முன்மேட்டை உங்கள் வயிற்றில் அண்டக்கொடுத்து, பின்மேட்டை உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் உள்ள சட்டம் சிறிது வளைந்து திரும்பும். மளுக்கென்று சத்தமோ, இருக்கையின் குறுக்கே மடிப்போ வந்தால் உடைந்திருக்கிறது. முன்வளைவின் இரு கால்களையும் அகட்டியும் நெருக்கியும் பாருங்கள், அது அசையவே கூடாது. அடுத்து, மடலுக்கு அடியில் வயிற்றுப் பட்டை மாட்டும் வார்களை மடித்துப் பாருங்கள். குறுக்கே வெடிப்பு, நீண்டு கிழிந்த துளை, நகத்தால் நெருடினால் விடுபடும் தையல் என ஏதாவது ஒன்று இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். தோல் பிழைத்திருந்தும் நூல் இற்றுப்போவது மிகச் சாதாரணம். ஓட்டத்தில் அறுந்தால் சேணத்தோடு ஆளும் சரிவார். பழைய நிக்கல் அங்கவடிகளை நினைவுக்கு வைத்துக்கொண்டு, ஏறுவதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். நிக்கல் முன்னறிவிப்பில்லாமல் முறியக்கூடும்.

எல்லாம் தேறினாலும் அந்தச் சேணம் அத்தையின் குதிரை முதுகுக்குப் படிந்தது. வேறு குதிரையில் போட்டால், ஆள் ஏறிய நிலையில் முன்மேட்டுக்கும் குதிரையின் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் குதிரைக்குப் புண்.

வைக்கும்போது தரையில் கிடத்தாமல், முதுகு வடிவ மரத்தாங்கியில், வெளிச்சுவரை விட்டுத் தள்ளி, பருத்தித் துணி போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் மறுபடியும் பூஞ்சை வரும். சட்டம் உடைந்தது என்று தெரிந்தால் அங்கவடிகளையும் வயிற்றுப் பட்டையையும் கழற்றித் தனியாக மாட்டிவிடுங்கள், விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் யாரும் அதை எடுத்துக் குதிரைமேல் போட்டுவிடாதபடி.