கிடைக்காத அனுமதிக்கு இப்போதே விலை கொடுக்கலாமா?

கேள்வி: கிராமப்புறத்தில் ஒரு நிலம் விலைக்கு வருகிறது. நிலப் பயன்பாட்டு விதிகளில் விவசாய வகையில் இருப்பதால் ஒரு வீடுதான் கட்ட முடியும். வகை மாற்றம் வாங்கி இரண்டு குடித்தன வீடு கட்டி, ஒரு பாதியில் நாங்கள் இருந்துகொண்டு மறுபாதியை வாடகைக்கு விட நினைக்கிறோம். "வகை மாற்றம் நிச்சயம் கிடைக்கும்" என்று சொல்லி விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். சேமிப்பு முழுவதையும் போடலாமா?

பதில்: நிலத்தை வாங்கலாம். அவர் கேட்கும் விலைக்கு வேண்டாம். அவரிடம் இருப்பது ஒரு வீட்டு நிலம், கேட்பது இரண்டு வீட்டு நிலத்தின் விலை. இடையில் இருக்கும் அனுமதியை அவரால் தர முடியாது.

அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: இந்தத் தேதிக்குள் வகை மாற்றம் கிடைத்தால் இந்த விலை, கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் முழுவதும் திரும்ப வரவேண்டும். கெடுவைத் தாராளமாக வையுங்கள். விண்ணப்பம், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு, பொது விசாரணை, திட்டக் குழுவின் பரிந்துரை, கடைசியில் உள்ளாட்சி மன்றத்தின் வாக்கெடுப்பு என்று மாதக்கணக்கில் போகும். நிபந்தனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையா? சரி, அப்படியென்றால் இன்றைய வகைக்கு என்ன விலையோ அதைப் பேசுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள். இதைத்தான் பலர் கடைசிக்குத் தள்ளிப்போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். பொதுச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவுநீர் உங்கள் நிலத்துக்குள்ளேயே இறங்கவேண்டும். இரண்டு குடித்தனம் என்றால் படுக்கையறைகள் கூடும், செப்டிக் டேங்கும், அதிலிருந்து வரும் நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு பரப்பும் பெரிதாகும். அந்தப் பரப்பு ஒருநாள் அடைத்துக்கொண்டால் மாற்றிப் போட வேறு இடம் ஒதுக்கவேண்டும், கிணற்றிலிருந்து தள்ளியும் இருக்கவேண்டும். களிமண்ணாக இருந்தால் தண்ணீர் மிக மெதுவாகத்தான் இறங்கும். வகை மாறினால் மண் மாறிவிடாது இல்லையா! கிணறு இரண்டு வீட்டுக்குத் தாங்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒருமுறை திட்ட அலுவலகத்துக்குப் போய், அந்தப் பகுதிக்கான நீண்டகாலத் திட்டத்தில் இந்த இடம் என்னவாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். சுற்றிலும் விவசாய நிலமாகவே தொடரும் என்றிருந்தால், நடுவில் ஒரே ஒரு மனைக்கு மட்டும் வகை மாற்றம் கேட்பது கடினம். வகையை மாற்றாமலே சிறப்பு அனுமதியில் இரண்டாவது குடித்தனம் கட்ட முடியுமா என்பதையும் விசாரியுங்கள். மனு தள்ளுபடியானால் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

கடன் விஷயத்தில், வங்கி பொதுவாக இன்றைய வகையை வைத்தே நிலத்தை மதிப்பிடும். காலி நிலத்துக்கு உங்கள் பங்காக அதிகம் கேட்கும், கட்டுமானக் கடனைப் படிப்படியாகத்தான் விடுவிக்கும். நிலத்துக்கு விவசாய வரிச் சலுகை இருந்தால், வகை மாறியதும் அது போகலாம். சில இடங்களில் முந்தைய ஆண்டுகளின் சலுகையையும் திரும்பக் கேட்பார்கள். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மறுபாதி சில மாதம் காலியாகவும் கிடக்கலாம், அதனால் வருட வாடகையை 12 மாதத்துக்கு அல்ல, 10 மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

சேமிப்பு முழுவதும்? கூடாது. வீடு முடிந்து குடிபோகும்வரை இப்போதைய வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்தே ஓடும். அதற்கு ஒரு வருடத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை வைத்து விற்பவரிடம் பேசுங்கள்.