எஸ்டோனியா: கணினி கடைசியாகத்தான் வந்தது

அன்புள்ள ஐயா,

எஸ்டோனியாவில் மருந்துச்சீட்டு காகிதத்தில் இல்லை, அடையாள அட்டையை நீட்டினால் எந்த மருந்துக்கடையிலும் மருந்து கிடைக்கும் என்று படித்தேன். நல்ல மென்பொருள் இருந்தால் ஒரு நாட்டின் மருத்துவச் சேவை சீராகிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள்?

ர. மா., திண்டுக்கல்

அன்புள்ள ர. மா.,

நீங்கள் படித்தது சரிதான். மின்மருந்துச்சீட்டு 2010 ஜனவரியில் வந்தது. இன்று அநேகமாக எல்லாச் சீட்டும் அப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால் அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளில் அங்கே நடந்த வேலைக்கும் கணினிக்கும் பெரிய தொடர்பில்லை. பணம் எங்கிருந்து வரும், ஒரு நோயாளிக்கு யார் பொறுப்பு, எந்த மருத்துவமனையை மூடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் விடை கண்டார்கள். அந்த விடைகள் இல்லாமல் மென்பொருளை மட்டும் வாங்கிவைத்தால் பழைய குழப்பம் திரையில் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் பணம். எஸ்டோனியா சோவியத் ஒன்றியத்தில் இருந்த காலத்தில் எல்லாம் அரசு பட்ஜெட்டிலிருந்து வந்தது. 1992 ஜனவரியில் கட்டாய மருத்துவக் காப்பீடு தொடங்கியது. ஊழியரின் சம்பளத்துக்கு மேல் முதலாளி 33% சமூக வரி கட்டுகிறார். அதில் 13 மருத்துவத்துக்கு, 20 ஓய்வூதியத்துக்கு. மருத்துவத்துக்கான பணத்தைக் கையாள தொடக்கத்தில் வட்டாரவாரியாக 22 காப்பீட்டு நிதியங்கள் இருந்தன. 2001இல் அவற்றை ஒரே நிதியமாக்கினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே விலைப்பட்டியல், எல்லா மருத்துவமனைகளோடும் ஒரே இடத்திலிருந்து ஒப்பந்தம். நல்ல காலத்தில் கையிருப்பு சேர்க்கவேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2009இல் பொருளாதாரம் சரிந்து சம்பள வரி வற்றியபோது அந்தக் கையிருப்புதான் தாங்கியது. அது மட்டும் போதவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நோய் விடுப்பின் முதல் மூன்று நாளுக்குப் பணம் இல்லை, நான்காம் நாள் முதல் எட்டாம் நாள் வரை முதலாளி தரவேண்டும், அதன்பிறகுதான் நிதியம் என்று விதியை மாற்றினார்கள். சுமை நோயாளிகள் மீதும் விழுந்தது.

அடுத்தது குடும்ப மருத்துவர். என் கணிப்பில் முழுச் சீர்திருத்தத்தின் உயிர்நாடி இதுதான். முன்பு பெரியவர்களுக்கு ஒரு மருத்துவர், குழந்தைகளுக்கு ஒருவர், மற்றதற்கெல்லாம் பாலிகிளினிக் என்ற புறநோயாளி மையத்தில் நிபுணர்கள். முழு மனிதருக்குப் பொறுப்பானவர் என்று யாரும் இல்லை. 1991இலேயே தார்த்து பல்கலைக்கழகம் பணியில் இருந்த மருத்துவர்களுக்கு மறுபயிற்சி தரத் தொடங்கிவிட்டது. ஆள் தயாரான பிறகுதான், 1998 வாக்கில், விதி வந்தது: ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரின் பட்டியலில் இருக்கவேண்டும். ஒரு பட்டியலில் ஏறக்குறைய 1200 முதல் 2000 பேர். கூடவே ஒரு செவிலியராவது கட்டாயம்.

சம்பளம் தரும் முறையைக் கூர்ந்து பாருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் வயதுக்கேற்ற தொகை மாதாமாதம் வருகிறது. இது மட்டும் இருந்தால் என்ன ஆகும்? மருத்துவர் சோதனை எதுவும் செய்யாமல் எல்லோரையும் நிபுணரிடம் தள்ளிவிடுவார், செலவு மிச்சம். அதைத் தடுக்க இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் போன்றவற்றுக்கென்று தனித்தொகை வைத்தார்கள். சோதனை செய்தால்தான் அது கிடைக்கும், செய்யாவிட்டால் இல்லை. 2006இல் இன்னொன்று சேர்ந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டது, சர்க்கரை நோயாளிகளையும் இரத்த அழுத்தக்காரர்களையும் தொடர்ந்து கவனித்தது ஆகியவற்றுக்கு ஊக்கத்தொகை. மருத்துவமனையிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களில் மருத்துவம் பார்ப்பவருக்குத் தூரத்தைப் பொறுத்துக் கூடுதல் பணம். ஒவ்வொரு தொகையும் ஒரு குறிப்பிட்ட தவறை அடைக்க வந்தது. இந்த நுணுக்கத்தைத்தான் நான் பாராட்டுவேன்.

மருத்துவமனைகளை மூடியது கசப்பான கட்டம். 1990களின் தொடக்கத்தில் பதினைந்து லட்சம் பேருக்கு 120 மருத்துவமனைகள் இருந்தன. வெப்பமூட்டவே பணம் போதாத கட்டடங்கள். ஆண்டுக்குச் சில அறுவைச் சிகிச்சைகள் மட்டுமே நடக்கும் இடத்தில் அறுவை மருத்துவரின் கை மறந்துவிடும், நோயாளிக்கு ஆபத்து. ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 70 கி.மீ.க்குள் அவசர சிகிச்சை கிடைக்கவேண்டும் என்ற கணக்கை வைத்து, 2003இல் 19 மருத்துவமனைகளை முதன்மை வலையமைப்பாக அறிவித்தார்கள். சிறியவை பல முதியோர் பராமரிப்பு இல்லங்களாகவும் குடும்ப மருத்துவ மையங்களாகவும் மாறின. பிரசவ அறை போன ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது இயல்பே.

இவ்வளவுக்கும் பிறகு, 2008 இறுதியில்தான் நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளுக்கு நாடு தழுவிய மின்பதிவு அமைப்பு வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், தன் பதிவை எந்த மருத்துவர் எப்போது திறந்து பார்த்தார் என்பதை நோயாளியே பார்க்கலாம். சம்பந்தமில்லாதவர் பார்த்திருந்தால் புகார் செய்யலாம், ஏதேனும் ஓர் ஆவணத்தை மூடிவைக்கவும் செய்யலாம். 2013 முதல் குடும்ப மருத்துவர் நோயாளியை அனுப்பாமலேயே நிபுணரிடம் மின்வழியாகக் கருத்துக் கேட்கலாம். நிபுணரின் நேரத்துக்கு நிதியம் பணம் தருகிறது. இலவச உதவி என்று விட்டிருந்தால் யாரும் பதில் எழுதியிருக்கமாட்டார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். சம்பள வரியை நம்பிய அமைப்புக்கு மூப்படையும் மக்கள்தொகை பெரிய இடி. அதனால் 2018 முதல் வேலையில் இல்லாத ஓய்வூதியர்களுக்காக அரசே நிதியத்துக்குப் பணம் கட்டத் தொடங்கியது. முதல் தலைமுறைக் குடும்ப மருத்துவர்கள் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். கிராமப் பட்டியல்களை ஏற்க மருத்துவர் தேவை என்று அறிவித்தால் விண்ணப்பிக்க ஆள் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மக்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவர் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறார். பெரும்பாலும் விட்டுவிட்டு வேலை செய்பவர்கள், ஒழுங்காக வரி கட்டப்படாதவர்கள். மாரடைப்பு வந்தால் அவர்களுக்கு ஆம்புலன்ஸும் அவசர சிகிச்சையும் அரசு செலவில் உண்டு. அந்த மாரடைப்பைத் தடுக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கான சலுகை விலை மட்டும் கிடையாது. அட்டையைச் செருகியதும் மருந்துக்கடைக் கணினி அதைத் துல்லியமாகவே காட்டும்: காப்பீடு இல்லை, முழு விலை.