விஆர் ஹெட்செட்டும் மாற்றுத்திறனாளிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பக்கவாதத்தால் அப்பாவின் வலது கை சரியாக இயங்கவில்லை. இயன்முறைப் பயிற்சியை நிறுத்திவிட்டு விஆர் (ஹெட்செட்டைத் தலையில் அணிந்து பார்க்கும் மெய்நிகர் உலகம்) விளையாட்டுகளை மட்டும் கொடுக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். 70-க்கும் மேற்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்து 2017-இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு, வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக விஆரைக் கொடுத்தால் கைக்குக் கூடுதல் பலன் இல்லை என்றும், அதனுடன் சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டு என்றும் கண்டது. பயிற்சி நேரம் கூடுவதே அதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து. தோள்மூட்டு தளர்ந்திருந்தால் கையை வீசி ஆடும் விளையாட்டுகள் கூடவே கூடாது. உட்கார்ந்தே தொடங்க வேண்டும். அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு வலிப்பு உண்டு. ஹெட்செட் கொடுக்கலாமா?

பதில்: எந்த வகை வலிப்பு, வயது என்ன, கடைசியாக எப்போது வந்தது என்று எதையும் எழுதாமல் ஒரே வரியில் கேட்டால் நான் என்ன சொல்வது? வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ 100-க்கு 3 பேருக்கே ஒளிச் சிமிட்டலால் வலிப்பு தூண்டப்படுகிறது. உங்கள் மகள் அவர்களில் ஒருவரா என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல முடியும். அதுவரை வேண்டாம்.

கேள்வி: காக்ளியர் இம்பிளான்ட் (கேட்க உதவ உள்காதில் பொருத்தும் கருவி) பொருத்தியவர் ஹெட்செட் அணியலாமா?

பதில்: ஹெட்செட்டிலும் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலும் காந்தங்கள் இருக்கக்கூடும் என்பதால், இம்பிளான்ட் தயாரிப்பாளரைக் கேட்காமல் அணிய வேண்டாம்.

கேள்வி: கல்லூரி விழிப்புணர்வு நிகழ்ச்சியில் மாணவர்கள் 10 நிமிடம் ஹெட்செட் அணிந்து பார்வையின்மையை அனுபவிக்க ஏற்பாடு செய்கிறோம். எந்தச் செயலி நல்லது?

பதில்: எதையும் பரிந்துரைக்க மாட்டேன். இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். அந்த 10 நிமிடத்தில் மாணவர் உணர்வது, பார்வையைச் சற்றுமுன் இழந்தவரின் திகைப்பை மட்டுமே. பல ஆண்டுகளாக வெள்ளைக்கோலுடன் நடப்பவரோ, கோலைத் தட்டும் ஒலி மாறுவதைக் கேட்டே பக்கத்தில் இருப்பது சுவரா திறந்த வாசலா என்று அறிகிறார். கோல்நுனி உரசும் விதத்திலேயே சிமென்ட் தரை முடிந்து மண் தொடங்கும் இடத்தைக் கண்டுகொள்கிறார். அந்தத் தேர்ச்சியில் துளியும் உங்கள் செயலியில் வராது. இத்தகைய பாவனைப் பயிற்சிகளை ஆராய்ந்த உளவியலாளர்கள், பங்கேற்றவர்களிடம் பரிவு கூடும்போதே பதற்றமும் இயலாமை உணர்வும் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். 'ஐயோ பாவம், இவர்களால் எப்படி வேலை செய்ய முடியும்' என்ற எண்ணத்துடன் வெளியேறும் மாணவர்தான் நாளை வேலைக்கு ஆள் எடுக்கும் நாற்காலியில் அமர்வார் என்பதே என் கவலை.

அந்தப் பணத்தில் பார்வையற்ற ஒருவரை உரிய மதிப்பூதியம் கொடுத்துப் பேச அழையுங்கள். தொழில்நுட்பத்தைத்தான் காட்ட வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2018-இல் அறிமுகப்படுத்திய கேனெட்ரோலர் என்ற கோல் போன்ற கருவியைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மெய்நிகர்ச் சுவரில் கோல் படும்போது கை தடுக்கப்படும், அதிர்வும் ஒலியும் எழும்; பார்வையற்றவரே மெய்நிகர் உலகில் தடம் அறிந்து நடக்க உருவாக்கப்பட்ட கருவி அது.

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கிறேன். விளையாட்டில் பொருள்கள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன.

பதில்: அமைப்புகளில் அமர்ந்த நிலையைத் தேர்ந்தெடுங்கள், உயரத்தை மாற்றும் வசதியும் சிலவற்றில் உண்டு. இரண்டும் இல்லாத விளையாட்டை வாங்காதீர்கள், வாங்காத காரணத்தைத் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் 14 வயது மகன் பேசுவதில்லை. பேருந்தில் ஏறப் பழக்கும் விஆர் பயிற்சியில் சில நிமிடங்களிலேயே ஹெட்செட்டைத் தள்ளிவிடுகிறான். எப்படிப் பழக்குவது?

பதில்: தள்ளிவிடுவதுதான் அவன் உங்களுக்குச் சொல்லும் பதில்; அதை மதியுங்கள். உடல் அசையாமல் இருக்க, காட்சி மட்டும் நகர்ந்தால் கண்ணும் உள்காதும் முரண்பட்டுக் குமட்டல் வரும். அதை வாயால் சொல்ல இயலாதவரிடம் முகம் வெளிறுவதையும் அடிக்கடி எச்சில் விழுங்குவதையும் வியர்ப்பதையும் கவனிக்க வேண்டும். பேருந்து நின்றிருக்கும் காட்சியில் மட்டும், 2 அல்லது 3 நிமிடம் தொடங்கிப் பாருங்கள். பட்டையின் அழுத்தமே பிடிக்கவில்லை என்றால் அதே காட்சியைச் சாதாரணத் திரையில் காட்டலாம். மறுபடியும் சொல்கிறேன்: உட்கார்ந்தே தொடங்க வேண்டும், அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.