மார்க்கர் மாமாவும் ரமேஷ் கிருஷ்ணனும்

அன்பின் ஐயாவுக்கு,

டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதில் ரமேஷ் கிருஷ்ணனை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். சொல்ல அவ்வளவுதான் இருக்கிறதோ? தகப்பன் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். மகன் காலிறுதியோடு சரி. "அந்த சர்வீஸை நானே திருப்பியிருப்பேன்" என்று என் சித்தப்பா சிரிப்பார். உண்மையில் ரமேஷ் பெரிய ஆட்டக்காரர்தானா?

– கே., பொகவந்தலாவை

அன்புள்ள கே.,

ஒரு வரியில் தாண்டியது என் பிழைதான். சித்தப்பா சொல்வதும் பாதி சரி. ரமேஷின் சர்வீஸ், அதாவது புள்ளியைத் தொடங்கும் முதல் அடி, மெதுவானது. அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல நான் என் சின்ன வயதுக்குப் போக வேண்டும்.

பத்து வயதில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்த துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கப் போவேன். மலையை வெட்டிச் சமன் செய்த கோர்ட். கீழ்ப்பக்க வலை கிழிந்திருக்கும். பந்து அதைத் தாண்டினால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். ஏறி வரும்போது காலில் இரண்டு அட்டையாவது இருக்கும்.

அங்கே ஒரு மார்க்கர் இருந்தார். கோடு போடுவது, ரோலர் இழுப்பது, ஆள் குறைந்தால் துரைமாரோடு ஆடுவது, எல்லாம் அவர் வேலை. புதிதாக வந்த சின்னதுரை ஓங்கி ஓங்கி அடிப்பார். மார்க்கர் மாமா மட்டையைப் பின்னால் இழுக்கவே மாட்டார். பந்து எழும்பும்போதே போய் நின்று சும்மா தொட்டு விடுவார். அது துரை இல்லாத மூலையில் போய் விழும். கடுப்பில் துரை இன்னும் ஓங்குவார், பந்து தேயிலைக்குள் போகும், எனக்கு அட்டை கடிக்கும். "அவரு வேகத்த அவருக்கே குடுக்குறேன், எங்கிட்ட ஏது வேகம்" என்பார் மாமா.

ரமேஷின் ஆட்டமும் இதேதான், உலகத் தரத்தில். 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டிலும் ஜூனியர் பட்டம். தகப்பன் 1954இல் வென்ற அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டம்தான். 1981 யூ.எஸ். ஓப்பன் காலிறுதியில் அமெரிக்காவின் ஜான் மெக்கன்ரோவிடம் முதல் செட்டைப் பறித்தார், பிறகு தோற்றார். மெக்கன்ரோதான் அந்த வருடம் சாம்பியன். 1986இல் விம்பிள்டன் காலிறுதி, 1987இல் மறுபடி யூ.எஸ். ஓப்பன் காலிறுதி. தரவரிசையில் 23க்கு மேலே ஏறவில்லை. சர்வீஸில் இலவசமாகப் புள்ளி கிடைக்காதவர் ஒவ்வொரு புள்ளிக்கும் நாட்கூலி மாதிரி உழைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எனக்கு அந்த 23 சின்ன எண்ணாகத் தெரியவில்லை. தகப்பனோடு ஒப்பிடுவதும் அவ்வளவு நியாயமில்லை. அவர் காலத்தில் எல்லோர் கையிலும் மர மட்டை. மகன் ஆடும்போது மட்டை மாறி, பந்தின் வேகமும் ஏறிவிட்டது.

அப்புறம் 1987. நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை அரையிறுதி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக சிட்னியில், புல்தரையில். ஐந்து ஆட்டங்களில் 2-2 என்று நின்றபோது கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனவர் இவர்தான். இறுதியாட்டம் சுவீடனில், களிமண் தரையில். சுவீடனின் மாட்ஸ் விலாண்டரிடம் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றார். இந்தியா 0-5.

ஆனால் 1989 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில் அதே விலாண்டர் எதிரே வந்தார். அப்போது அவர் உலகின் முதல் இடத்தில் இருந்தவர், முந்திய வருடச் சாம்பியனும்கூட. ரமேஷ் 6-3, 6-2, 7-6 என்று முடித்துவிட்டார். ஒரு செட்டைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த சர்வீஸை அவர் திருப்பியிருப்பார், நம்புகிறேன். அடுத்த பந்துக்குத்தான் நான் தேயிலைக்குள் இறங்க வேண்டி வந்திருக்கும்.