எல்லோரும் பிஸி, ஆனால் ரிலீஸ் மட்டும் நகரவில்லை: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மென்பொருள் டீமில் யாரும் சும்மா இருப்பதில்லை. ஆனாலும் எதுவும் முடிந்து வெளியே போவதில்லை. என்ன கோளாறு சார்?

பதில்: கையில் எத்தனை வேலை திறந்து கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாரம் 4 வேலை முடிக்கும் டீமிடம் தொடங்கிய வேலைகள் 24 இருந்தால், ஒன்று உள்ளே வந்து வெளியே போகச் சராசரியாக 6 வாரம் பிடிக்கும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த கணக்கு இது; வங்கி வரிசைக்கும் பொருந்தும். யாரும் வேகம் கூட்ட வேண்டாம், 24ஐ 8 ஆக்கினால் 2 வாரம்தான். புதிய டிக்கெட்டை, அதாவது பட்டியலில் உள்ள அடுத்த வேலையைத் தொடுமுன் டெஸ்டிங்குக்குக் காத்துக் கிடப்பதில் ஒன்றை நகர்த்துங்கள், அது அடுத்தவர் எழுதிய நிரலாக இருந்தாலும் சரி. பயனர் கைக்குப் போகாத எதையும் முடிந்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: தேதி நெருங்கிவிட்டது. மேலிடம் இன்னும் 5 பேரைத் தருகிறேன் என்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார்: தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும். 5 பேருக்குள் இருவர் இருவராகப் பேச 10 இணைப்புகள். 10 பேரானால் 45. வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? ஏற்கெனவே நேரமில்லாமல் தவிப்பவர்தான். ஆளைக் கூட்டாமல் வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மேலிடம் முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

கேள்வி: எங்களிடம் ஒருவர்தான் ஒவ்வொரு சர்வராகக் கையால் புதிய பதிப்பை ஏற்றுவார். அனுபவசாலி, தவறு நடந்ததே இல்லை. இதை மாற்றத்தான் வேண்டுமா ஐயா?

பதில்: நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குத்தரகு நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். எட்டு சர்வர்களில் ஏற வேண்டிய புதிய நிரல் ஏழில்தான் ஏறியது. இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. விடுபட்ட சர்வரில், 2003இலேயே பயன்பாட்டை நிறுத்திய பழைய நிரல் நீக்கப்படாமல் கிடந்தது. போதாக்குறைக்கு, அதை இயக்கிய அதே மென்பொருள் சுவிட்சைத்தான் புதிய நிரலுக்கும் வைத்திருந்தார்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் பழையது விழித்துக்கொண்டு ஆர்டர்களை அள்ளி வீசியது. சுமார் 45 நிமிடத்தில் போனது 46 கோடி டாலருக்கும் மேல்.

சந்தை திறக்குமுன்பே அந்தப் பழைய நிரலின் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கையாக அமைக்கப்பட்டவை அல்ல, யாரும் கவனிக்கவில்லை. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். அங்கேயும் பழைய நிரல் இருந்ததால், அதன்பின் எட்டிலும் அதே கூத்து.

ஒரு சர்வரை விட்டுவிட்ட அந்த ஊழியரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வேலையை எட்டு இடத்தில் கையால் செய்பவர் என்றாவது ஒன்றை விடத்தான் செய்வார். ஏற்றும் வேலையை ஸ்கிரிப்டிடம், அதாவது தானாக ஓடும் சிறு நிரலிடம் கொடுங்கள். எல்லா சர்வரிலும் ஒரே பதிப்புதானா என்பதையும் அதுவே பார்க்கட்டும். உங்கள் அனுபவசாலியைக் கொண்டே அந்த ஸ்கிரிப்டை எழுத வையுங்கள். அவருக்குத்தான் எங்கே சறுக்கும் என்று தெரியும்.

கேள்வி: ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று டீமே மதிப்பிட்டுப் போடும் ஸ்டோரி பாயின்ட்டை வைத்து எங்கள் மேனேஜர் டீம்களை ஒப்பிடுகிறார்.

பதில்: மதிப்பீடுகள் எல்லாம் விரைவிலேயே வீங்கிவிடும், வேலை அதேதான் இருக்கும். அளந்தே ஆக வேண்டுமென்றால், எழுதிய நிரல் பயனரிடம் போக எத்தனை நாள், ரிலீஸ்களில் எத்தனை உடைந்தன, உடைந்தது மீள எவ்வளவு நேரம் என்று அளக்கச் சொல்லுங்கள். அதையும் டீமுக்கு டீம் ஒப்பிடாமல், அதே டீமின் போன மாதத்தோடு.

கேள்வி: ஆபத்து என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ரிலீஸ் செய்கிறோம். சரிதானே?

பதில்: மூன்று மாத ஆபத்தையும் ஒரே இரவுக்குச் சேர்த்துவைக்கிறீர்கள். உடைந்தால் எந்த மாற்றத்தால் உடைந்தது என்று தேடவே விடிந்துவிடும். முதலில் மாதம் ஒன்றாக்குங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் செய்யலாமா?

பதில்: பழைய பதிப்புக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஒத்திகை பார்த்து, 5 நிமிடம் என்று தெரிந்தால் தாராளமாகச் செய்யுங்கள். தெரியாதென்றால் செவ்வாய்க்கிழமையும் வேண்டாம்.